வாசகர் கேள்விகள்: தாலிபானும் அக்கம்பக்கத்து நாடுகளும்

ஆப்கானிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி 2025 அக்டோபரில் டெல்லிக்கு வந்துபோனதிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். வீட்டுவரி, ரயில் நேரம், பெரிய வீடுகளை ஓட்டலாக்குவது இதையெல்லாம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். வசவுகளை வெட்டிவிட்டேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

1999இல் நம் விமானத்தைக் கடத்திக்கொண்டுபோய் காந்தகாரில் நிறுத்தினார்கள். சுற்றிலும் துப்பாக்கியோடு நின்றது இதே தாலிபான். இன்றைக்கு அவர்களை டெல்லிக்குக் கூப்பிட்டு உபசரிக்கிறோம். மானம் ரோஷம் எல்லாம் என்ன ஆனது? (கானாடுகாத்தான்)

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. மசூத் அசார் உட்பட மூன்று பேரை விடுவித்து, அவர்களோடு நம் வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே காந்தகாருக்குப் போக வேண்டியிருந்தது. அன்று பேரம் பேசுவதற்குக்கூட நமக்குக் காபூலில் ஆள் இல்லை, ஏனென்றால் 1996இல் தாலிபான் உள்ளே நுழைந்ததும் தூதரகத்தைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். அவர்களை எதிர்த்த அகமது ஷா மசூதின் வடக்குக் கூட்டணிக்கு உதவினோம், தஜிகிஸ்தானில் ஃபர்கோர் என்ற இடத்தில் அவர்களுடைய காயம்பட்டவர்களுக்காக மருத்துவமனைகூட நடத்தினோம். ஆக எதிர்க்கத்தான் செய்தோம். ஆனால் விமானம் காந்தகாரில் இறங்கிய அன்று அந்த எதிர்ப்பு நமக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

2001க்குப் பிறகு இருபது வருடம் வேறு கதை. ஹேராத்தில் சல்மா அணை, காபூலில் நாடாளுமன்றக் கட்டடம், ஈரான் எல்லையை நோக்கிப் போகும் ஜரஞ்ச்–தெலாராம் சாலை 218 கிலோமீட்டர் என்று சுமார் 300 கோடி டாலர் போட்டோம். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது, மறுபடியும் தூதரகத்தைக் காலி செய்தோம். ஆனால் இந்தத் தடவை டெல்லி வேறு மாதிரி யோசித்தது. அதே மாதம் 31ஆம் தேதியே தோஹாவில் நம் தூதர் தாலிபானின் ஸ்தானிக்சாயைச் சந்தித்தார். (இந்த ஸ்தானிக்சாய் 1982இல் நம்முடைய டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி எடுத்தவர், அப்போது ஆப்கான் ராணுவத்தின் ஆள்.) பிறகு 2022இல் பாகிஸ்தான் வழியாக லாரி லாரியாகக் கோதுமை, அதே வருடம் ஜூனில் தொழில்நுட்பக் குழு என்ற பெயரில் காபூலில் ஒரு சின்ன அலுவலகம், 2025 ஜனவரியில் துபாயில் வெளியுறவுச் செயலர் மட்டத்தில் பேச்சு, மே மாதம் ஜெய்சங்கரே தொலைபேசியில், அக்டோபரில் முத்தாகி நேரில், அதே மாதம் அந்தச் சின்ன அலுவலகம் மறுபடியும் தூதரகம். இவ்வளவுக்கும் நடுவில் அங்கீகாரம் என்று மட்டும் டெல்லி சொல்லவில்லை.

பேசியது சரி என்பதுதான் என் கட்சி. காபூலில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம்தான் பேச முடியும், நமக்குப் பிடித்தவர் வரும்வரை காத்திருந்தால் அந்த இடத்தில் பாகிஸ்தானும் சீனாவும் மட்டும் இருப்பார்கள். ஆனால் டெல்லியில் முத்தாகியின் முதல் செய்தியாளர் சந்திப்பில் ஒரு பெண் செய்தியாளர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார்களே, நீங்கள் கேட்ட ரோஷத்தை நான் அங்கே எதிர்பார்த்தேன். ஊரே கத்திய பிறகு இரண்டாவது சந்திப்பு வைத்துப் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்றது. சம்பந்தம் இல்லாமல் எப்படி? வந்தவர் நம் விருந்தாளி.

பாகிஸ்தான்தானே தாலிபானை வளர்த்தது? இப்போது அவர்களுக்குள்ளேயே குண்டு போட்டுக்கொள்கிறார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதானே? (தேவகோட்டை)

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பாகிஸ்தான் பணம் கொடுத்தது, ஆயுதம் கொடுத்தது, 1997இல் முதல் ஆளாக அங்கீகரித்தது, 2001க்குப் பிறகு தோற்று ஓடிவந்தவர்களுக்குக் குவெட்டாவில் இடம் கொடுத்தது எல்லாம் உண்மை. இந்தியாவோடு சண்டை வந்தால் முதுகுக்குப் பின்னால் தங்கள் சொல் கேட்கிற ஆப்கானிஸ்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ராணுவத்தின் நெடுநாள் கணக்கு. ஆனால் தாலிபான் அவர்கள் சொல் கேட்டதா என்று பார்த்தால், முக்கியமான விஷயத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த முக்கியமான விஷயம் எல்லை. 1893இல் மார்டிமர் டியூரண்ட் என்ற வெள்ளைக்காரர் ஆப்கான் அமீரோடு பேசிப் போட்ட கோடு, சுமார் 2,600 கிலோமீட்டர், பஷ்டூன் மக்களை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. காபூலில் மன்னர் இருந்தார், கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், முஜாஹிதீன்கள் இருந்தார்கள், அமெரிக்கா வைத்த அரசு இருந்தது, ஒருவர்கூட அந்தக் கோட்டை முழுமனதாக ஏற்கவில்லை. 1947இல் ஐ.நா.வில் பாகிஸ்தானைச் சேர்ப்பதற்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே நாடு ஆப்கானிஸ்தான், தெரியுமா? தொண்ணூறுகளில் பாகிஸ்தானின் உதவியில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தபோதுகூட தாலிபானின் அன்றைய தலைவர் முல்லா உமர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மதம் ஒன்று, பணம் அவர்களுடையது, ஆனாலும் இல்லை என்றால் இல்லைதான்.

இன்னொன்றும் உண்டு. தாலிபானை நிறுவியவர்களில் ஒருவரான முல்லா பராதரை 2010இல் கராச்சியில் பிடித்து எட்டு வருடம் உள்ளே வைத்திருந்தது பாகிஸ்தான். 2018இல் வெளியே வந்தவர் தோஹாவில் அமெரிக்காவோடு பேசி, 2020 பிப்ரவரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, இன்று காபூலில் துணைப் பிரதமர். அப்படிப்பட்டவர்கள் நன்றியோடு இருப்பார்கள் என்று ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்தில் யார் நம்பினார்களோ.

ஆனால் நம்பினார்கள். காபூல் விழுந்தபோது ஆப்கானியர்கள் அடிமைச் சங்கிலியை உடைத்துவிட்டார்கள் என்றார் அன்றைய பிரதமர் இம்ரான் கான். மூன்று வாரத்துக்குள் ஐஎஸ்ஐ தலைவர் ஃபைஸ் ஹமீது காபூல் ஓட்டலில் தேநீர்க் கோப்பையோடு நின்று கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. சரியானது என்ன? தெஹ்ரிக்-இ-தாலிபான் பாகிஸ்தான் (சுருக்கமாக டிடிபி) என்று 2007இல் உருவான கூட்டம், பாகிஸ்தான் அரசையே கவிழ்க்கப் பார்ப்பது, 2014இல் பெஷாவர் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைக் கொன்றது, அவர்களுக்கு ஆப்கான் மண்ணில் மூச்சுவிட இடம் கிடைத்தது. காபூல் அவர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை, நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தது, 2022 நவம்பரில் அதுவும் முறிந்தது. இருபது வருடம் கூடவே நின்று அமெரிக்காவை எதிர்த்தவர்களைக் காட்டிக்கொடுத்தால் தங்கள் ஆட்களே தங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் தாலிபானுக்கு.

பிறகு நடந்ததெல்லாம் தெரிந்ததுதான். பாகிஸ்தான் விமானத் தாக்குதல்கள் 2022, 2024 என்று வந்தன, 2023 கடைசியிலிருந்து தாள் இல்லாத ஆப்கான் அகதிகளை லட்சக்கணக்கில் வெளியே அனுப்பினார்கள், அதில் பலர் பாகிஸ்தானிலேயே பிறந்தவர்கள். முத்தாகி டெல்லியில் இறங்கிய அதே 2025 அக்டோபர் 9 இரவு காபூலில் குண்டு வெடித்தது, பாகிஸ்தான்தான் போட்டது என்றது தாலிபான், இரண்டு நாளில் எல்லை முழுக்கச் சண்டை. கத்தாரும் துருக்கியும் நடுவில் வந்து 19ஆம் தேதி தோஹாவில் சண்டை நிறுத்தம் சொன்னார்கள். அதன் பிறகு இஸ்தான்புல்லில் உட்கார்ந்து பேசியும் முடிவு வரவில்லை.

ஈரானும் இஸ்லாமியக் குடியரசு, தாலிபானும் இஸ்லாமிய ஆட்சி. இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள் என்று எங்கள் வீட்டில் சண்டை. நான் இல்லை என்கிறேன். யார் சொல்வது சரி? (பள்ளத்தூர்)

நீங்கள்தான் அம்மா. 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீபைத் தாலிபான் பிடித்தபோது அங்கிருந்த ஈரான் தூதரக அலுவலகத்தில் தூதர்களையும் ஒரு செய்தியாளரையும் கொன்றார்கள். ஊரில் ஹசாரா மக்களை, அவர்கள் ஷியாக்கள், ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஈரான் எல்லையில் படையைக் குவித்தது, போர் வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2001இல் தாலிபானை இறக்கிவிட்டுப் புது அரசு அமைக்க ஜெர்மனியின் பான் நகரில் கூட்டம் நடந்தபோது அமெரிக்காவோடு ஈரான் ஒத்துழைத்தது. அப்புறம் இதே ஈரான், பக்கத்தில் அமெரிக்கப் படை உட்கார்ந்திருப்பது பிடிக்காமல், தாலிபானோடும் ரகசியமாகத் தொடர்பு வைத்துக்கொண்டது. 2023இல் டெஹ்ரானில் இருக்கும் ஆப்கான் தூதரகத்தைத் தாலிபான் ஆட்களிடமே ஒப்படைத்தது.

மனம் மாறியதாக நினைக்க வேண்டாம். ஹெல்மண்ட் ஆறு ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரானின் சிஸ்தான் பகுதிக்குப் போகிறது, அங்கே ஹாமூன் ஏரி வறண்டு புழுதிக்காடாகிவிட்டது. 1973 ஒப்பந்தப்படி சாதாரண ஆண்டில் சுமார் 82 கோடி கனமீட்டர் தண்ணீர் வர வேண்டும், வருவதில்லை என்கிறது ஈரான், மழையே இல்லை என்கிறது காபூல். மேல்மடைக்காரன் மடையை அடைத்தால் கீழ்மடைக்காரன் என்ன சாமி கும்பிடுகிறான் என்றா பார்ப்பான்? நம் கண்மாய்களில் இதற்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. 2023 மே மாதம் அதிபர் ரைசி எச்சரித்தார், தாலிபான் தளபதி ஒருவர் மஞ்சள் கேனில் தண்ணீர் பிடித்து இந்தா எடுத்துக்கொள் என்று வீடியோ போட்டுக் கிண்டல் செய்தார், சில நாளில் எல்லையில் துப்பாக்கிச் சண்டை, இரண்டு பக்கமும் சாவு. 2025இல் ஈரானிலிருந்து திரும்பிய, திருப்பி அனுப்பப்பட்ட ஆப்கானியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

சோவியத் படை அங்கேதான் அடி வாங்கித் திரும்பியது. அந்த ரஷ்யாவே முதலில் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. சீனாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏன் சார் இப்படி? மத்திய ஆசிய நாடுகள் என்ன செய்கின்றன? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

தம்பி, சோவியத் படை 1989 பிப்ரவரியில் திரும்பியபோது தாலிபானே பிறக்கவில்லை, அது 1994இல் காந்தகாரில் தொடங்கியது. ஆனால் அவர்களை 2003இல் பயங்கரவாதப் பட்டியலில் போட்டதும் ரஷ்யாதான். 2025 ஏப்ரலில் அவர்கள் உச்ச நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது, ஜூலை 3 அன்று அங்கீகாரம். நடுவில் என்ன மாறியது என்றால் ஐஎஸ் அமைப்பின் கொராசான் கிளை. 2024 மார்ச் 22 அன்று மாஸ்கோவில் குரோகஸ் அரங்கத்தில் சுட்டுத் தள்ளினார்களே, 140 பேருக்கு மேல் செத்தார்கள், அந்தக் கூட்டம். அதே வருடம் ஜனவரியில் ஈரானின் கெர்மானில் குண்டு வைத்ததும் அவர்கள்தான். தாலிபான் இவர்களுக்குப் பரம எதிரி. உலகம் முழுக்கப் போய் வெடிப்போம் என்கிறவனைவிட, தன் நாட்டுக்குள் மட்டும் கொடுமை செய்கிறவன் பரவாயில்லை என்று மாஸ்கோ முடிவெடுத்தது. கேட்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்குதான்.

சீனாவுக்கு உய்குர் (அங்கே மேற்கில் வாழும் முஸ்லிம் இனத்தவர்) போராளிகள் ஆப்கான் எல்லையில் இருக்கும் வாகான் பக்கத்திலிருந்து வந்துவிடக் கூடாது, அது ஒன்றே முதல் கவலை. காபூல் விழுவதற்கு முன்பே, 2021 ஜூலையில், சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி தியான்ஜினில் பராதரை உட்கார வைத்துப் பேசிவிட்டார். 2024 ஜனவரியில் ஷி ஜின்பிங்கே தாலிபான் அனுப்பிய தூதரின் நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டார், ஆனாலும் அங்கீகாரம் என்று வாயால் சொல்லவில்லை. சுரங்கங்களை அள்ளப்போகிறார்கள் என்று பேசுவார்கள், மெஸ் அய்னக் செம்புச் சுரங்கத்தின் உரிமை பல வருடங்களாக அவர்கள் கையில்தான், காபூல் விழுந்தபோதுகூட ஒரு லாரி செம்பு வெளியே வந்திருக்கவில்லை.

மத்திய ஆசியாவைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். உஸ்பெகிஸ்தான் மின்சாரம் விற்கிறது, ரயில் பாதை போடப் பார்க்கிறது, கூடவே தாலிபான் அமு தாரியா ஆற்றிலிருந்து வெட்டுகிற 285 கிலோமீட்டர் கோஷ் தேபா கால்வாயைப் பார்த்துத் தூக்கமில்லாமல் இருக்கிறது. அதன் பருத்தி அந்தத் தண்ணீரை நம்பி. தஜிகிஸ்தான் மட்டும்தான் ரொம்ப நாள் முறைத்துக்கொண்டே நின்றது.

எங்கள் அப்பத்தா ஈட்டிக்காரன் வந்து வட்டி வசூலித்த கதை சொல்வார்கள். அந்தப் பட்டாணியர்கள்தான் இந்தத் தாலிபானா? (கொத்தமங்கலம்)

தாலிபானில் பெரும்பாலானவர்கள் பட்டாணியர்கள், அதாவது பஷ்டூன்கள். ஆனால் பஷ்டூன் எல்லாரும் தாலிபான் இல்லை, காந்தியோடு நடந்த கான் அப்துல் கஃபார் கானும் பஷ்டூன்தான். வட்டி விஷயத்தில் மட்டும் நாம் ஈட்டிக்காரனைக் குறை சொல்ல முடியாது, அதே காலத்தில் நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் அதே தொழிலில் இருந்தார்கள்.

எல்லைச் சண்டையால் பெருங்காயம் விலை ஏறுமா? (குன்றக்குடி)

கட்டிப் பெருங்காயத்துக்கான பிசின் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது, மிச்சம் ஈரான், உஸ்பெகிஸ்தான். நம் நாட்டில் 2020இல்தான் இமாச்சலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டார்கள், அது பிசின் கொடுக்க ஐந்து வருடமாவது ஆகும். பாகிஸ்தான் வழி அடைபட்டால் ஈரானின் சபஹார் துறைமுகம் வழியாகவோ விமானத்திலோ வர வேண்டும், செலவு கூடத்தான் செய்யும். பஹல்காமுக்குப் பிறகு அட்டாரி வாசலை மூடினார்களே, அப்போதும் 2025 மே மாதத்தில் ஆப்கான் லாரிகளை மட்டும் விசேஷ அனுமதியில் உள்ளே விட்டார்கள். உலர்பழமும் பெருங்காயமும் ராஜதந்திரத்தில் சேர்ந்தவை என்று அன்றுதான் பல பேருக்குத் தெரிந்திருக்கும்.

தாலிபான் செய்வதையெல்லாம் இஸ்லாம் என்று டிவியில் சொல்கிறார்கள். அரபு நாடுகள் இவர்களை என்ன செய்தன என்று எழுதுங்கள். (இளையான்குடி)

நியாயமான கேள்வி. முதல் ஆட்சியை அங்கீகரித்தவை மூன்றே நாடுகள், பாகிஸ்தான், சவுதி, ஐக்கிய அரபு அமீரகம். பின் லேடனை ஒப்படைக்கச் சொல்லி 1998இல் சவுதி உளவுத் தலைவர் துர்க்கி அல் பைசல் நேரில் போனார், முல்லா உமர் அவரைத் திட்டி அனுப்பினார், சவுதி உறவைக் குறைத்துக்கொண்டது, 2001 செப்டம்பரில் அமீரகமும் சவுதியும் அடுத்தடுத்து முறித்துக்கொண்டன. இந்தத் தடவை கத்தார்தான் நடுவர், 2013இலேயே தோஹாவில் அலுவலகம் திறக்கவிட்டது. அமீரகம் 2024இல் தூதரை ஏற்றுக்கொண்டது, காபூல் விமான நிலைய வேலைகளும் அவர்கள் நிறுவனத்திடம். 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது என்று தாலிபான் அறிவித்தபோது கெய்ரோ அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அது ஷரியாவுக்கு எதிரானது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஜனவரியில் முஸ்லிம் சமூகங்களில் பெண் கல்வி பற்றி இஸ்லாமாபாத்தில் மாநாடு நடந்தது, மலாலா வந்தார், தாலிபானைக் கூப்பிட்டார்கள், வரவில்லை. டிவிக்காரர்கள் இதையும் சொல்லலாம்.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இத்தனை நாடுகள் பேசுகின்றனவே, பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் உறவு என்று ஒரு நாடாவது நிபந்தனை போட்டதா? (காரைக்குடி)

அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட இல்லை அம்மா. மேற்கு நாடுகள் சொல்கின்றன, ஐ.நா. சொல்கிறது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலையில் தாலிபான் தலைவர் அகுந்த்சாதா மீதே பிடியாணை போட்டது. பக்கத்து நாடுகள் அறிக்கைகளில் ஒரு வரி சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் பேரத்தில் அவர்கள் வைத்தது வேறு. பாகிஸ்தான் டிடிபியைக் கட்டுப்படுத்து என்றது, ஈரான் தண்ணீரை விடு என்றது, சீனா உய்குர்களை விடாதே என்றது, ரஷ்யா ஐஎஸ்ஸை அடி என்றது, நாம் உன் மண்ணில் எங்களுக்கு எதிரான ஆட்களுக்கு இடம் கொடுக்காதே என்றோம். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் படிப்பு இல்லை என்பது எந்த எல்லையையும் தாண்டி வந்து யாரையும் சுடுவதில்லை, அதனால் யார் பட்டியலிலும் முதல் இடத்தில் இல்லை.

தாலிபானுக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன டேராடூன் ஸ்தானிக்சாய், துணை வெளியுறவு அமைச்சராக இருந்துகொண்டே, 2025 ஜனவரியில் கோஸ்தில் ஒரு பட்டமளிப்பு விழாவில் இந்தத் தடைக்கு எந்தச் சாக்கும் கிடையாது என்று பேசினார். கொஞ்ச நாளில் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். நாம் தூதரகம் திறந்தாயிற்று, மருந்து அனுப்புகிறோம், மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்த நாடுதான். அங்கே வீட்டில் அடைபட்டிருக்கிற பெண்களுக்கு இணையவழிப் படிப்பாவது நம் பல்கலைக்கழகங்கள் பெரிய அளவில் தர டெல்லி முன்வரலாம், அதற்குக் காபூலின் தயவு தேவையில்லை.

ஒரே வரியில் சொல்லுங்கள்: ரஷ்யாவுக்கு அடுத்து யார் அங்கீகரிப்பார்கள்? நாமா? (புதுவயல்)

நாமாக இருக்காது. தாலிபான் தலைவர்கள் பலர் மேல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் பயணத் தடை இருக்கிறது, முத்தாகி டெல்லிக்கு வருவதற்கே அந்தச் சபையின் தடைக் குழுவிடம் அக்டோபர் 9 முதல் 16 வரை என்று தேதி போட்டு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. ஒரே வரி கேட்டீர்கள், இரண்டு வரி ஆகிவிட்டது.